ஊளைக்கு எதிர் ஊளை

தவளை தன் வாயால் கெடும் என்று நம்மிலே ஒரு பழமொழி உண்டு. மழைக்கால இரவிலே தவளையானது வாயை மூடிக்கொண்டு கிடந்தால், அது இருக்குமிடம் பாம்புக்கு எப்படித் தெரியப் போகிறது? கத்தித் தொலைப்பதனால் அல்லவா அதற்கு ஆபத்து வருகிறது! ஆனால் தவளையாவது தானாகவே கத்துகிறது. மனிதன் இருட்டிலே நின்றுகொண்டு, "யார் அங்கே?" என்று கேட்டால், "நாங்கள்தான், இங்கேதான் இருக்கிறோம்" என்று மறுமொழி கொடுத்து அகப்பட்டுக்கொள்ளும் பிராணி ஒன்று வட அமெரிக்காக் கண்டத்திலே இருக்கிறது. அதன் பெயர் கயோட்டி. கேட்கிறவனும் ஊளையிட்டுத்தான் கேட்கிறான். பதிலும் ஊளையாகத்தான் வருகிறது. பதில் வந்த மறுநாள் காலையில், பெரும்பாலும் துப்பாக்கி வருகிறது.

மனிதனாவது, ஊளையிடுவதாவது என்று நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பிரதேசங்களிலே இது சிரிப்புக்குரிய காரியம் அன்று. வேட்டைக்காரர்கள், ஆட்டுப் பண்ணைக்காரர்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் ஆகிய நான்கு தரத்தாரும் பயின்று வரும் வித்தை அது. நால்வருடைய ஊளையும் ஒன்றேதான். ஆனால் பதிலைக் கேட்ட பிறகு அவர்கள் செய்யும் காரியங்கள் வெவ்வேறானவை. அந்த வேற்றுமையைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

குரலால் பெயர் பெற்ற பிராணி

கயோட்டி நாய் இனத்தைச் சேர்ந்தது. நம் ஊர் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எடை 20 ராத்தலிலிருந்து 45 ராத்தல் வரையில் இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், கூரிய முகம், நிமிர்ந்த பெரிய காதுகள், ஓடும்போது கீழே தாழ்ந்திருக்கும் வால் - இவையே அதன் அடையாளங்கள்.

மெக்ஸிகோ தேசத்துப் பழங்குடிகளின் நஹுவாட்ல் பாஷையிலே இதற்குக் 'கொயோட்ல்' என்று பெயர். பதினைந்தாம் நூற்றாண்டிலே அங்கே டெஸ்கோகோ என்னும் நகரத்தை ஆண்ட அரசர் ஒருவர், கவியாகவும் புகழ் பெற்றவர், நெஸாவல்கொயோட்ல் என்று பெயர் பூண்டிருந்தார். 'பட்டினி நோன்பிருக்கும் கயோட்டி' என்பது அதன் பொருள். பிற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் இழிவாகப் பேசிய இந்தப் பிராணியின் பெயரை, ஓர் அரசர் பெருமையுடன் சூட்டிக்கொண்டிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1804-ம் வருஷத்திலே மேற்கு நோக்கிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் கோஷ்டியார் இதைப் 'புல்வெளி ஓநாய்' என்று குறித்து வைத்தார்கள். 1823-ல் தாமஸ் ஸே என்ற இயற்கை நூல் வல்லுநர்தான் இதற்குச் சாஸ்திரப் பெயர் கொடுத்தார். அவர் இட்ட பெயர் 'கானிஸ் லாட்ரன்ஸ்'. அதாவது 'குரைக்கும் நாய்'. நிறத்தைப் பார்த்தோ உருவத்தைப் பார்த்தோ பெயர் வைக்கவில்லை. கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் படுகிற பிராணிக்குக் குரலைக் கொண்டு பெயர் வைத்தது பொருத்தம்தானே!

ஊளையின் அகராதி

கயோட்டி ஏன் பதில் சொல்கிறது? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி; அவற்றின் குட்டிகள்; சில சமயம் முந்தின வருஷத்துப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு - இதுதான் குடும்பம். ஜனவரி முதல் மார்ச்சு வரையில் கூடும் காலம். சுமார் 63 நாள் கர்ப்பத்துக்குப் பிறகு வசந்த காலத்தில் குட்டிகள் பிறக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஓர் எல்லை உண்டு. வேலி கிடையாது, கல் நாட்டுவது கிடையாது. மூத்திரத்தின் வாசனையும் ஊளையின் ஓசையுமே அந்த எல்லைக்கு ஆதாரப் பத்திரங்கள். இவற்றைத் தவிர, சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராகத் திரியும் நாடோடிக் கயோட்டிகளும் உண்டு.

பிலிப் லேனர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1978-ல் கயோட்டியின் குரல்களை ஆராய்ந்து 11 வகையாகப் பிரித்தார். கிட்டத்தட்ட ஓர் அகராதியே என்று சொல்லலாம். அவற்றுள் நமது விஷயத்துக்கு முக்கியமானவை மூன்று. ஒன்று, தனி ஊளை: நீண்டு உயர்ந்து மெதுவாக இறங்கும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்பது இதன் கருத்து. இரண்டாவது, கூட்டு ஊளை: குடும்பம் முழுவதும் சேர்ந்து கீச்சிட்டும் கூவியும் செய்யும் அமர்க்களம். 'இந்த இடம் எங்களுடையது. உள்ளே வராதே' என்பது பொருள். மூன்றாவது, குரைப்பும் ஊளையும் கலந்தது. சத்துரு மிகவும் நெருங்கிவிட்டான், அல்லது குட்டிகள் இருக்கும் வளைக்கு ஆபத்து என்னும்போது இது எழும்பும்.

யெல்லோஸ்டோன் தேசீயப் பூங்காவிலே கயோட்டிகளைக் கவனித்து 1998-ல் எரிக் கீஸ், ராபர்ட் ரஃப் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. ஊளையிடுகிறவை பெரும்பாலும் எல்லைக்குச் சொந்தமான குடும்பங்களே. அவற்றிலும் குடும்பத் தலைவனும் தலைவியுமே அதிகமாக ஊளையிடுகின்றன. நாடோடிகள் வாயைத் திறப்பது அரிது. நிலமில்லாதவன் எந்த நிலத்துக்காகக் குரல் கொடுப்பான்?

ஆகவே, அந்நியக் குரல் ஒன்று தன் எல்லையிலே கேட்டதும், சொந்தக்காரக் கயோட்டி சும்மா இருப்பதில்லை. பதில் சொல்லாவிட்டால் நிலம் காலியாகக் கிடக்கிறது என்று அர்த்தமாகிவிடும். பதில் சொன்னால் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும். இனத்துக்கு இனம் போராடிய காலமெல்லாம் பதில் சொன்னதே லாபமாக இருந்தது. துப்பாக்கி என்பது நேற்று வந்த விஷயம் அல்லவா?

இருட்டிலே ஒரு கேள்வி

இனி, வேட்டைக்காரர் இந்த வித்தையைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

வேட்டைக்கு முதல் நாள் இரவிலோ, அன்றைய தினம் விடிவதற்கு முன்போ அவர் புறப்படுகிறார். துப்பாக்கிக்கு அப்போது வேலை இல்லை. காதுக்குத்தான் வேலை. காற்று அடிக்கும் இரவாயிருந்தால் வீட்டிலேயே படுத்துத் தூங்கிவிடுவார். வானம் தெளிந்து, காற்று அடங்கி, குளிர் இறங்கிய இரவே தகுந்த இரவு. இதற்குக் காரணம் உண்டு. அத்தகைய இரவிலே தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெப்பமாக இருக்கும். மேல் நோக்கிப் போகும் ஒலி, அந்த வெப்பக் காற்றிலே வளைந்து திரும்பவும் தரைக்கே வந்து சேரும். ஆகையால் பகலில் கேளாத சப்தம் இரவில் வெகு தூரத்துக்குக் கேட்கும்.

மேட்டுப் பாங்கான ஓர் இடத்திலே வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்கிறார். வண்டிக் கதவைப் படாரென்று சாத்தக் கூடாது என்பது முதல் விதி. உடனே ஊளையிடக் கூடாது என்பது இரண்டாவது விதி. சில நிமிஷங்கள் பேசாமல் நிற்க வேண்டும். கயோட்டிகள் தாங்களாகவே கூவிக்கொண்டிருந்தால், கேட்காமலே பதில் கிடைத்த மாதிரி ஆயிற்று.

பிறகுதான் ஊளை. சிலர் வெறும் தொண்டையாலேயே ஊளையிடுவார்கள். சிலர் மாட்டுக் கொம்பிலே சீவாளி போன்ற ஒரு நாக்கைப் பொருத்தி ஊதுவார்கள். மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் சிறு சவ்வுக் கருவியும் உண்டு. கைச் சங்கு என்னும் சைரனைச் சுழற்றுகிறவர்களும், பதிவு செய்த ஊளையை ஒலிபெருக்கியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நெருப்பணைக்கும் வண்டியின் சங்கு ஊதினாலும் ஊர் ஓரத்துக் கயோட்டிகள் எல்லாம் சேர்ந்து பதில் கொடுப்பதுண்டு. அவற்றுக்குச் சங்கு வேறு, சத்துரு வேறு என்று தோன்றுவதில்லை போலும்!

ஊளையிலும் நிதானம் வேண்டும். குரைப்புக் கலந்த சண்டை ஊளையை எடுத்த எடுப்பிலே விட்டால், இளம் கயோட்டிகள் பயந்து வாயை மூடிக்கொள்ளும். ஆகையால் இரண்டு அல்லது மூன்று தனி ஊளை. 'நான் ஒருவன் இங்கே வந்திருக்கிறேன்' என்ற அளவில் மட்டும். அதற்குப் பிறகு மறுபடியும் மௌனம்.

பதில் வந்துவிட்டால், திசைகாட்டியை எடுத்துப் பார்த்து, சப்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தேசப்படத்திலே ஒரு கோடு கிழித்துக்கொள்கிறார். ஒரு கோட்டினால் திசை தெரியுமே தவிரத் தூரம் தெரியாது. ஆகவே ஒரு மைலோ இரண்டு மைலோ நகர்ந்து போய், வேறோர் இடத்திலிருந்து இன்னொரு முறை கேட்டு, இரண்டாவது கோடு கிழிக்கிறார். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்திலே கயோட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் க்ஷேத்திர கணிதத்தை வெறுத்த பையன்கூட இந்தக் கணக்கை ஆவலுடன் போடுவான்!

பதில் வந்த இடத்திலே மீண்டும் மீண்டும் ஊளையிடுகிறவன் அனுபவமில்லாதவன். விஷயம் தெரிந்தவுடனே ஓசைப்படாமல் திரும்பிவிட வேண்டும். மறுநாள் விடியற்காலையில், காற்று முகத்திலே அடிக்கும்படியான பக்கத்திலிருந்து நெருங்கி, மறைவாக உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவது போன்ற குரலை எழுப்புவார்கள். கயோட்டி இரையைத் தேடி வரும்.

பதில் வராவிட்டால்? அங்கே கயோட்டி இல்லை என்று தீர்மானித்துவிடலாகாது. நாடோடி பேசாமல் இருந்திருக்கலாம். குடும்பம் அன்றிரவு மலைக்கு அப்பாலே போயிருக்கலாம். முன்னே ஒரு முறை ஏமாந்த கயோட்டி இந்த முறை ஏமாற மறுத்திருக்கலாம். ஊளை, இருப்பதைச் சொல்லும், இல்லாததைச் சொல்லாது. இது இந்த வித்தையின் மூன்றாவது விதி. முக்கியமான விதியும் இதுவே.

இரண்டு, இருபதான கதை

பதில் வந்தாலும் அதில் ஒரு மோசம் உண்டு. எத்தனை பிராணிகள் என்பதைக் காது சொல்லுமா? இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. சொன்னவர் சாமானியர் அல்லர். பின்னால் அமெரிக்காவின் ஜனாதிபதியாக விளங்கிய யுலிஸிஸ் கிராண்ட். 1885-ல் வெளியான தமது வாழ்க்கை நினைவுகளிலே இதை எழுதியிருக்கிறார்.

மெக்ஸிகோ யுத்தத்துக்குச் சற்று முன்பு, கிராண்ட் டெக்ஸாஸ் பிரதேசத்தில் வாலிப உத்தியோகஸ்தராக இருந்தார். உயரமான புல் மண்டிய காட்டிலே பெஞ்சமின் என்ற தோழருடன் குதிரைமேல் போய்க்கொண்டிருக்கையில், எதிரே ஓநாய்களின் பயங்கரமான ஊளை கேட்டது. தம்மையும் குதிரையையும் ஒரு வேளைச் சாப்பாடாக முடித்துவிடக் கூடிய பெருங் கூட்டம் என்று கிராண்டுக்குத் தோன்றிற்று. எத்தனை இருக்கும் என்று தோழர் கேட்டார். தாம் மிகைப்படுத்திச் சொல்லப் போவதாகத் தோழர் எண்ணுகிறார் என்று சந்தேகித்து, வேண்டுமென்றே மிகக் குறைத்து, சுமார் இருபது இருக்கலாம் என்று அலட்சியமாகச் சொல்லி வைத்தார் கிராண்ட். தோழர் புன்னகை செய்துவிட்டு மேலே போனார். சற்று நேரத்தில் அருகே போய்ப் பார்த்தால், இரண்டே இரண்டு ஓநாய்கள் வாயோடு வாய் வைத்து உட்கார்ந்துகொண்டு அவ்வளவு சப்தத்தையும் செய்துகொண்டிருந்தன!

ஏமாற்றமடைந்த சில அரசியல்வாதிகள் போடும் கூச்சலைக் கேட்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் தமக்கு நினைவு வந்ததாகவும், எண்ணிப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் எப்போதும் அதிகமாகவே தோன்றுவார்கள் என்றும் கிராண்ட் எழுதி வைத்திருக்கிறார். இது எந்தத் தேசத்துக்குப் பொருந்தும், எந்தத் தேசத்துக்குப் பொருந்தாது என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

ஓநாய்க்குச் சொன்னது கயோட்டிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதன் குரல் ஒரு சுருதியில் நிற்பதில்லை. கணத்துக்குக் கணம் ஏறும், இறங்கும், நடுங்கும், உடையும். பாறையிலும் மரத்திலும் மோதி எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும். ஒரு ஜோடி கூவினால் ஒரு பட்டாளமே கூவுவது போலிருக்கும். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் பிராணிகளை எண்ணுவதில்லை, குடும்பங்களையே எண்ணுகிறார்கள். வடக்கே ஒரு குடும்பம், ஓடைக்கரையில் ஒரு குடும்பம் என்பதே அவர்கள் கணக்கு.

விஞ்ஞானிகளும் இந்தக் கணக்கையே கையாளுகிறார்கள். குறித்த பாதையில், குறித்த இடங்களில் நின்று, சங்கு ஊதியோ ஊளையிட்டோ, பதில் சொல்லும் குடும்பங்களைக் குறித்துக்கொள்வார்கள். மறு வருஷம் அதே பாதையிலே அதே காலத்திலே திரும்பச் செய்வார்கள். மொத்தத் தொகை தெரியாவிட்டாலும், கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஐரோப்பாவிலே நரிகளைக் கணக்கெடுப்பதற்கும் பல தேசங்களில் இந்த முறையே வழங்குகிறது.

பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆட்டுப் பண்ணைக்காரருடைய வழக்கை முதலில் கேட்க வேண்டும். வசந்த காலத்திலே பிறந்த ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி கொண்டுபோவது மெய்யான நஷ்டம். காலையில் எழுந்து மந்தையை எண்ணும்போது குறைந்திருந்தால், அந்தக் குடியானவனிடம் போய்ப் பிராணிகளின் அழகைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பிரயோஜனமில்லை.

இந்த வழக்குக்கு அமெரிக்க சர்க்கார் கண்ட பரிகாரம் பூண்டோடு ஒழிப்பது என்பதாக இருந்தது. 1915 முதல் சர்க்கார் சம்பளத்திலே வேட்டைக்காரர்கள் அமர்த்தப்பட்டார்கள். 1931-ல் இதற்கென்றே சட்டம் பிறந்தது. துப்பாக்கி, கண்ணி, விஷம் எல்லாம் பிரயோகமாயின. கோடைக் காலத்திலே மனிதன் ஊளையிட்டால், அனுபவமில்லாத குட்டிகள் எல்லோரையும் முந்திக்கொண்டு கீச்சுக் குரலில் பதில் சொல்லும். அந்தக் குரலைத் தொடர்ந்து போய் வளையைக் கண்டுபிடித்துக் குட்டிகளைக் கொல்வதும் ஒரு முறையாக இருந்து வந்திருக்கிறது. இதை எழுதும்போது நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பலன் என்ன? ஓநாய் பெரும்பாலான பிரதேசங்களில் ஒழிந்து போயிற்று. கயோட்டி ஒழியவில்லை. கயோட்டிகள் குறைந்த இடத்திலே, மிஞ்சியவற்றுக்கு இரை அதிகமாகக் கிடைக்கிறது. இளம் பெண் கயோட்டிகளும் ஈனத் தொடங்குகின்றன. பிறந்த குட்டிகளில் பிழைப்பவை அதிகமாகின்றன. காலியான எல்லைக்கு நாடோடிகள் குடியேறுகின்றன. முன்னே மேற்குச் சமவெளிகளிலும் பாலைவனங்களிலும் மட்டும் இருந்த பிராணி, இப்போது அலாஸ்கா முதல் பனாமா வரையில் பரவியிருக்கிறது. சிகாகோ நகரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. 1972-ல் ஜனாதிபதி நிக்ஸன், சர்க்கார் நிலங்களிலே இந்தப் பிராணிகளுக்கு விஷம் வைப்பதைத் தடுத்து உத்தரவிட்டார். 2014-ல் கலிபோர்னியா, அதிகமாகக் கொல்பவருக்குப் பரிசு என்னும் வேட்டைப் போட்டிகளைத் தடை செய்தது. ஆயினும் சர்க்கார் இலாகா இன்றும் வருஷந்தோறும் பல்லாயிரக் கணக்கில் கயோட்டிகளைக் கொன்றே வருகிறது.

ஆனால் ஆராய்ச்சி வேறு வழியையும் காட்டியிருக்கிறது. ஆடோல்ஃப் மியூரி என்பவர் யெல்லோஸ்டோனிலே ஆராய்ந்து 1940-ல் வெளியிட்ட நூலில், கயோட்டியின் ஆகாரத்தில் பெரும் பகுதி எலி இனங்களே என்று காட்டினார். ஆடு கொல்வதும் எல்லாக் கயோட்டிகளின் தொழில் அன்று. குட்டிகளுக்கு உணவு தேட வேண்டிய குடும்பத் தலைவனும் தலைவியுமே பெரும்பாலும் அதைச் செய்கின்றன. உட்டா மாகாணத்திலே சில ஜோடிகளைப் பிடித்து, கருத்தரிக்காதபடி சிகிச்சை செய்து திரும்ப விட்டுப் பார்த்தார்கள். 2001-ல் அதன் முடிவு வெளியாயிற்று. அந்த ஜோடிகள் தங்கள் எல்லையை முன் போலவே காத்து நின்றன. ஆனால் கொன்ற ஆடுகள் குறைந்துவிட்டன.

இப்போது ஊளையின் பதில் எவ்வளவு அருமையானது என்பது விளங்கும். எந்த ஓடைக்கரையில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. மந்தைக்கு அருகே இருக்கும் குடும்பம் ஆடு தின்னாத குடும்பமானால், அதைக் கொல்வது தன் வீட்டுக் காவல்காரனைத் தானே துரத்துவது போலாகும். அந்த இடத்துக்கு வருகிற புதியவன் எப்படிப்பட்டவனோ, யார் கண்டார்கள்? குற்றவாளியும் நிரபராதியும் ஒரே குரலில்தான் ஊளையிடுகின்றன. கேட்டதையெல்லாம் சுடுகிறவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு நாளும் தெரியப் போவதில்லை.

கடைசியாக ஒரு காட்சி. கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்திலே அல்கான்குவின் என்னும் பெரிய வனப் பூங்கா ஒன்று உண்டு. 1963 முதல் அங்கே ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை இரவுகளில் ஒரு விசேஷம் நடந்து வருகிறது. முந்தின நாள் இரவே பூங்கா ஊழியர்கள் போய், ஊளையிட்டு, ஓநாய்க் கூட்டம் இருக்குமிடத்தை அறிந்து வருவார்கள். வேட்டைக்காரர் செய்வது போலவே அச்சுப் பிசகாமல் அத்தனையும் செய்வார்கள். பதில் கிடைத்தால்தான் மறுநாள் விசேஷம், இல்லையேல் இல்லை. மறுநாள் இரவு, குழந்தை குட்டிகளுடன் ஜனங்கள் நூற்றுக்கணக்கான மோட்டார் வண்டிகளில் வந்து, சாலை ஓரத்தில் விளக்கணைத்து நிற்பார்கள். சில இரவுகளில் ஆயிரம் பேருக்கு மேலும் கூடுவதுண்டு. ஊழியர் ஒருவர் இருட்டை நோக்கி ஊளையிடுவார். கூட்டத்தில் மூச்சுச் சப்தம்கூடக் கேட்காது. பிறகு தூரத்திலே, காட்டுக்குள்ளிருந்து பதில் வரும்.

ஜனங்கள் அதைக் கேட்டுவிட்டு, வண்டி ஏறி வீடு திரும்புகிறார்கள். கானகத்தில் பதில் சொன்ன குடும்பம், தன் எல்லையைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டு, இரை தேடப் போகிறது.